என்ஜினில் ஒட்டியிருந்தது

இது நடந்தது. தேதி, நேரம், எத்தனை டிகிரி குளிர், எல்லாம் எழுத்தில் இருக்கிறது. கனடாவின் சஸ்காச்சுவனில் பெரிய லாரி ஓட்டுகிறவர்கள் தினமும் காலையில் வண்டியைச் சுற்றி வந்து சோதித்து, நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டாரியா வாசிலிக் பதினொரு வருடமாக எழுதுகிறாள். டயர் சரி, பிரேக் சரி, விளக்கு சரி. அதைத் தவிர அவள் தாளில் வேறு எதுவும் இருக்காது. அந்த டிசம்பரில் ஐந்து தாள்கள் மட்டும் வேறு மாதிரி இருக்கின்றன. நான் என் கண்ணால் பார்த்தேன். ஒன்றில், "என்ஜின் இடது பக்கம் சூடு. ஈரம். நாற்றம்" என்று இருக்கிறது. கடைசித் தாளில் கையெழுத்து மட்டும்தான். அதுவும் கோணலாக.

பேய் என்ற சொல்லை டாரியா ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அருவருப்பு என்றுதான் சொன்னாள். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

காரணம் அவளுடைய தொழில். ஹேசல் ப்ளஃப் வட்டாரத்தில் எந்தப் பண்ணையில் மாடு செத்தாலும், பன்றி செத்தாலும், டாரியாவுக்குத்தான் போன் வரும். சங்கிலி கட்டி, லாரிக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டு, நூற்று அறுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கொழுப்பு உருக்கும் ஆலையில் கொண்டுபோய் இறக்குவாள். கோடையில் வயிறு ஊதி வெடித்த மாடு வரும். புழு நெளியும் கன்று வரும். எதற்கும் அவள் முகம் சுளித்ததில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலேயே நின்று பூண்டு சாசேஜைக் கடித்துத் தின்பாள்.

அவள் கணவன் நெஸ்டர் பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை பார்க்கிறவன். மெலிந்த, சாதுவான மனிதன். அவள் வேலை முடிந்து வந்தால், இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் அவளுக்குச் சாப்பாட்டு மேசையில் இடம் தருவான். "உனக்கு மூக்கு சும்மா அழகுக்குத்தான் இருக்கு" என்பான். அவள் சிரிப்பாள். இருபத்திரண்டு வருடமாக இதே கிண்டல்தான். இதே சிரிப்புதான்.

அக்டோபரில் அவளுடைய பழைய லாரியின் கியர்பாக்ஸ் போய்விட்டது. ஏலத்தில் இன்னொன்று எடுத்தாள். வெள்ளை நிறம், நீண்ட மூக்கு, முன்மூடியை அப்படியே முன்னால் கவிழ்த்துத் திறக்கும் வகை. என்ஜின் அருமையான என்ஜின். நவம்பர் முழுவதும் ஒரு குறை சொல்ல முடியாது.

டிசம்பரில் குளிர் இறங்கியது.

அந்த ஊரில் எந்த டீசல் வண்டியைப் பார்த்தாலும் மூக்கிலிருந்து எலி வால் மாதிரி ஒரு வயர் தொங்கும். நுனியில் பிளக். இரவில் அதைக் கொண்டுபோய் வாசல் கம்பத்தில் இருக்கும் மின் சாக்கெட்டில் சொருக வேண்டும். என்ஜினுக்குள் ஒரு சின்ன ஹீட்டர் இருக்கிறது. வெந்நீர் போடும் கம்பி மாதிரிதான். உள்ளே ஓடும் கூலண்டை அது சூடாக வைத்திருக்கும். அது இல்லையென்றால் மைனஸ் நாற்பதில் ஆயில் தார் மாதிரி இறுகிவிடும். சாவியை எவ்வளவு திருகினாலும் வண்டி முனகுமே தவிரக் கிளம்பாது. டாரியா டைமர் வைத்திருந்தாள். மூன்றிலிருந்து ஆறு வரை, மூன்று மணி நேரம். காலையில் பக்கத்தில் போனால் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது வருமே, அந்த மாதிரி "ஸ்ஸ்ஸ்..." என்று மெல்லிய பாட்டு கேட்கும்.

டிசம்பர் பதினொன்று. காலை ஐந்து நாற்பது. மைனஸ் முப்பத்தெட்டு. விடிய இன்னும் மூன்றரை மணி நேரம் இருந்தது.

பாட்டு கேட்கவில்லை.

டார்ச் அடித்துப் பார்த்தாள். பிளக்கின் ஒரு கால் கருகி உருகியிருந்தது. அப்படியென்றால் ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடவில்லை. இன்றைக்கு வேலை போச்சு என்று திட்டிக்கொண்டே மூடியைக் கவிழ்த்துத் திறந்தாள். ஒரு கையுறையைக் கழற்றி என்ஜினின் வலது பக்கம் விரலை வைத்தாள். விரல் அப்படியே இரும்பில் ஒட்டிக்கொண்டது. பிய்த்தபோது நுனித்தோல் கொஞ்சம் அங்கேயே நின்றுவிட்டது. அவ்வளவு குளிர்.

சுற்றி வந்து இடது பக்கம் தொட்டாள்.

சூடு.

மின்சாரச் சூடு இல்லை. ஓடி நின்ற என்ஜினின் சூடும் இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையில் கை வைத்தால் இருக்குமே... அந்தச் சூடு.

வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினாள். முதல் திருப்பிலேயே கிளம்பிவிட்டது. கிளம்பிய வண்டியைப் பற்றி யார் யோசிப்பார்கள்? போய்விட்டாள்.

அன்று மாலை புதுப் பிளக் மாட்டினாள். அப்போதும் பாட்டு வரவில்லை. மல்டிமீட்டரை எடுத்து வயரின் இரண்டு முனையிலும் வைத்துப் பார்த்தாள். நல்ல ஹீட்டர் என்றால் பத்து ஓம் காட்ட வேண்டும். மீட்டர் எதையும் காட்டவில்லை. உள்ளே கம்பி அறுந்துவிட்டது. மெக்கானிக் கிளெம் லாலிபர்டேவுக்குப் போன் செய்தாள். புது ஹீட்டர் வர மூன்று நாள் ஆகும் என்றான். அதுவரைக்கும் வேறு எங்காவது சூடான கொட்டகையில் நிறுத்தச் சொன்னான். செத்த மாடு ஏற்றும் லாரிக்கு யார் கொட்டகை தருவார்கள்?

பன்னிரண்டாம் தேதி. ஐந்து நாற்பது. மைனஸ் நாற்பது.

பிரேக் சூட்டைப் பார்க்க அவளிடம் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி உண்டு. குறிவைத்து அழுத்தினால் டிகிரி காட்டும். மூடியில் அடித்தாள். மைனஸ் நாற்பது. வலது பக்கம் அடித்தாள். மைனஸ் முப்பத்தேழு. இடது பக்கம் அடித்தாள்.

முப்பத்தேழு.

மைனஸ் இல்லை.

கருவி கெட்டுவிட்டதோ என்று தன் வாய்க்குள் அடித்துப் பார்த்தாள். அதே முப்பத்தேழு. கருவி சரியாகத்தான் இருந்தது.

அந்தச் சூடு எங்கிருந்து எதுவரை இருக்கிறது என்று அளந்தாள். இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம். அதற்கு மேலே தனியாக வட்டமாக ஒன்று, சாப்பாட்டுத் தட்டு அளவில். அந்த இடத்தில் மட்டும் உறைபனி படியவில்லை. இரும்பு ஈரமாகப் பளபளத்தது. முத்து முத்தாக ஏதோ பூத்திருந்தது.

இரும்புக்கு வேர்க்குமா?

துணியால் துடைத்தாள். மூன்று விநாடி. மறுபடியும் பூத்தது. துணியில் மஞ்சளாக ஒரு பிசுக்கு. பொருக்குப் பொருக்காக ஏதோ மெல்லிய தோல் மாதிரி. பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனாள்.

எலும்பு முறிந்த கைக்கு மாவுக்கட்டுப் போட்டு, மாதக்கணக்கில் கழித்து வெட்டி எடுப்பார்களே, அதற்குள்ளிருந்து வரும் நாற்றம். அதோடு கலந்து வாய் நாற்றம். பல் துலக்காத ஒருவன் நேருக்கு நேர் முகத்தில் மூச்சு விட்ட மாதிரி. சூடாக.

டாரியா பனியில் குனிந்து வாந்தி எடுத்தாள்.

பதினொரு வருடத்தில் முதல் தடவை. ஜன்னல் வழியாகப் பார்த்த நெஸ்டர் கதவைத் திறந்து, சாசேஜ் கெட்டுப்போயிருக்கும் என்றான். அவள் ஆமாம் என்றாள்.

பதின்மூன்றாம் தேதி ஒரு பண்ணையில் செத்த பசு ஒன்றை ஏற்றப் போனாள். பண்ணை நாய்கள் எப்போதும் லாரியின் பின்பக்கம்தான் ஓடும். உள்ளே மாமிசம் அல்லவா? அன்று அந்த வீட்டுக் கறுப்பு நாய் பின்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ நக்கிக்கொண்டிருந்தது. "ளப்... ளப்... ளப்..." என்ஜினிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்ததை. பண்ணைக்காரர் கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துப்போனார். அது திமிறிக்கொண்டு மறுபடி ஓடி வந்தது. வாயைத் திறந்து காத்திருந்தது.

பண்ணைக்காரர் அதை மறுபடி இழுத்துப் பிடித்ததும் அவள் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள்.

பதினான்காம் தேதி புது ஹீட்டர் வந்தது. மாலை ஐந்து ஐம்பதுக்கு கிளெம்மின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டாள். வெளியே நன்றாக இருட்டிவிட்டது. உள்ளே சூடு, விளக்கு வெளிச்சம், ரேடியோ. எல்லாம் சாதாரணமாக இருந்தது. கிளெம் கீழே வாளி வைத்துக் கூலண்டை வடித்தான். கூலண்ட் பச்சையாக, தண்ணீராக வர வேண்டும். பச்சையாகத்தான் வந்தது. ஆனால் வாளியில் ஆடை கட்டியது. ஆறிய ஆட்டுக்கால் சூப்பின் மேல் வெள்ளையாகக் கட்டுமே, அந்த ஆடை.

ஆயில் கலந்திருக்கிறது, இரண்டையும் பிரிக்கும் கேஸ்கெட் போயிருக்கும் என்றான் கிளெம். ஹீட்டரின் திருகைத் தளர்த்தி, இடுக்கியால் பிடித்து வெளியே இழுத்தான். "ப்ளக்" என்று வந்தது. கம்பிச் சுருளே தெரியவில்லை. சுற்றிலும் விரல் தடிமனுக்கு மஞ்சள் கொழுப்பு அப்பியிருந்தது. அதுதான் கம்பியை எரித்திருக்கிறது.

டாரியா அதில் கொஞ்சம் நகத்தால் சுரண்டினாள். விரலில் தேய்த்தாள். முகர்ந்தாள்.

கொழுப்பில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. ஆலையில் கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுக் கொழுப்பு எது, பன்றிக் கொழுப்பு எது என்று சொல்லிவிடுவாள். குதிரை, ஆடு, மான், ஒருமுறை கரடி. எல்லாம் அவள் மூக்குக்குத் தெரியும்.

"இது ஆயில் இல்ல கிளெம். கொழுப்பு."

"என்ன கொழுப்பு? மாடா?"

"இல்ல."

"பன்றியா?"

அவள் பெட்ரோல் கேனை எடுத்தாள். பெட்ரோலை ஊற்றிக் கையைக் கழுவினாள். மூன்று தடவை கழுவினாள். கிளெம் அவள் முகத்தைப் பார்த்தான். ரேடியோவை நிறுத்திவிட்டான்.

என்ஜினை உள்ளும் புறமும் நீராவி அடித்துக் கழுவினார்கள். புது ஹீட்டரை மாட்டிப் புதுக் கூலண்ட் ஊற்றினார்கள். மீட்டர் பத்து ஓம் காட்டியது. பிளக்கைச் சொருகியதும் "ஸ்ஸ்ஸ்..." என்று பாட்டு வந்தது. முதல் ராத்திரி ஆறு மணி நேரம் ஓடவிடு, எங்காவது ஒழுகுகிறதா என்று காலையில் பார் என்று கிளெம் சொல்லி அனுப்பினான்.

டைமரைப் பதினொன்றரைக்கு வைத்தாள். ஐந்தரைக்கு அணையும். சரியாக ஆறு மணி நேரம்.

பதினைந்தாம் தேதி. காலை ஐந்து இருபத்தெட்டு. மைனஸ் நாற்பத்தொன்று.

டாரியா சமையலறையில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தாள். நெஸ்டர் இன்னும் எழவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் லாரி நின்றது. நல்ல அமைதி. அந்தக் குளிரில் காற்றுகூட அசையாது.

"பிச்ச்..."

அவள் காபியைக் கீழே வைத்தாள்.

"பிச்ச்... பிச்ச்ச்..."

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். லாரித் தளத்தில் உறைந்து ஒட்டிக்கொண்ட மாட்டை இழுக்கும்போது தோல் இரும்பை விட்டு உரியும் சத்தம். ஆனால் லாரி காலியாக இருந்தது. முந்தின நாளே கழுவிவிட்டாள்.

ஐந்து முப்பது. டைமர் "டக்" என்று அணைந்தது.

லாரியின் மூக்கு மெல்ல மேலே எழும்பியது. ஓர் அங்குலம் இருக்கும். பாரம் இறங்கிய வண்டி எழும்புமே, அப்படி.

அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். ஐந்து முப்பத்து மூன்று. மூடியைக் கவிழ்த்தாள். கருவியால் அடித்தாள். வலது பக்கம் இருபத்தொன்பது. இடது பக்கம் இருபத்தொன்பது. எல்லா இடமும் ஒரே மாதிரி. இரும்பு காய்ந்திருந்தது. நாற்றம் இல்லை.

அப்பாடா என்று நிமிர்ந்தாள்.

பிறகு கீழே பார்த்தாள்.

இடது சக்கரத்தின் அடியிலிருந்து பனியில் ஒரு தடம். காலடி இல்லை. நனைந்த சாக்கை இழுத்துக்கொண்டு போன மாதிரி. ஒன்றரை அடி அகலம். பனி உருகியிருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

தடம் வீட்டை நோக்கிப் போனது.

கதவுப் பக்கம் போகவில்லை.

படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே போய்... சுவரில் முடிந்தது.

ஜன்னல் சாத்தியிருந்தது.

அவள் ஓடினாள்.

படுக்கையறை இருட்டாக இருந்தது. நெஸ்டர் ஒருக்களித்துப் படுத்திருந்தான். தூக்கக் குரலில் பேசினான்.

"ஏன் எந்திரிச்ச? இப்பத்தானே வந்து படுத்த."

அவள் கை சுவரில் சுவிட்சைத் தேடியது.

"முதுகுல கன்னத்தை வெச்சுக்கிட்டியே... நல்லா கதகதன்னு இருந்துச்சு. வா."

அவள் விளக்கைப் போட்டாள். அவன் போர்வையை உதைத்துத் தள்ளியிருந்தான். சட்டையின் பின்பக்கம் முழுக்க ஈரம். மஞ்சள். தோளிலிருந்து இடுப்புவரை. கழுத்துக்குக் கீழே தட்டு அளவில் ஒரு வட்டம்.

அந்த நாற்றம்.

அன்றைய தாளில்தான் கையெழுத்து மட்டும் இருக்கிறது.

மெத்தையைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினார்கள். நெஸ்டர் ஏதோ காய்ச்சல் வேர்வை என்று நினைத்தான். குளித்தான். சட்டை மாற்றினான். மதியத்துக்குள் அந்தச் சட்டையும் நனைந்தது. அன்றிலிருந்து லாரியில் ஒரு தொந்தரவும் இல்லை. ஹீட்டர் பாடியது, என்ஜின் கிளம்பியது. தொந்தரவு எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டது.

பதினைந்து நாளில் நெஸ்டர் ஆளே மாறிப்போனான். எந்நேரமும் குளிருது குளிருது என்று கையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறவன், மைனஸ் முப்பதில் வெறும் சட்டையோடு பள்ளிக்கூட வாசலில் பனி அள்ளினான். பிள்ளைகள் கிட்ட வரவில்லை. ஒரு டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போனாள். அவனுக்கு மட்டும் நாற்றம் தெரியவில்லை. முதுகில் யாரோ ஆதரவாகக் கை போட்ட மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பை டாரியாவால் பார்க்க முடியவில்லை.

தினமும் அவன் சட்டைகளைக் கொதிக்கிற நீரில் போட்டாள். தண்ணீர் ஆறியதும் ஆடை கட்டும். அவனோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போய் உட்கார்ந்தாள். ராத்திரி சோபாவில் படுத்தாள். இருபத்திரண்டு வருடம் கூடப் படுத்த மனிதனைத் தொட நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதை நினைத்து அழுகையும் வந்தது. அழுதுகொண்டே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அதோடு அவன் கரைந்துகொண்டும் வந்தான். நன்றாகச் சாப்பிட்டான், ஆனால் விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம் போல ஆனது. ஐந்து வாரத்தில் பதினாலு கிலோ. எல்லாச் சோதனையும் செய்து பார்த்த டாக்டர் ஒன்றும் இல்லை என்றார்.

ஜனவரி இருபத்திரண்டு அன்று லாரியின் பழைய காகிதங்களைக் குடைந்து, முன்பு அதை வைத்திருந்தவரின் எண்ணைக் கண்டுபிடித்தாள். கோர்னி டோர்க்சன். ஆல்பர்ட்டாவின் வடக்கே எண்ணெய்க் கிணறுகளுக்குத் தண்ணீர் ஓட்டியவர். மாலை நாலு ஐந்துக்குப் போன் செய்தாள். வண்டியைப் பற்றி என்று சொன்னதுமே அவள் யார் என்றுகூட அவர் விசாரிக்கவில்லை.

"ஹீட்டர் வேலை செய்யுதா?" என்று கேட்டார்.

"செய்யுது. புதுசு போட்டோம்."

"நான் வயரை வெட்டித்தானேம்மா வித்தேன்... எவனோ மாட்டியிருக்கான்." அடுத்த கேள்வியும் உடனே வந்தது. "எத்தனை மணி நேரம் ஓடவிட்ட?"

"ஆறு."

அவர் நடந்ததைச் சொன்னார். ஏழு வருடத்துக்கு முன்பு, ஒரு ஜனவரியில், பனிப்புயலில், காட்டுப் பாதையில் டீசல் உறைந்து வண்டி நின்றுவிட்டது. அந்த வழியாக வந்த ஒரு வேனில் ஏறி ஊருக்கு வந்துவிட்டார். புயல் அடங்கி இரண்டு நாள் கழித்துப் போனபோது மூடி லேசாகத் திறந்திருந்தது. உள்ளே ஓர் ஆள். கோட்டு இல்லை. என்ஜினின் இடது பக்கத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தை இரும்பில் வைத்துக்கொண்டு, உறைந்து செத்திருந்தான். சுற்றிலும் ஐம்பது கிலோமீட்டருக்கு வீடு கிடையாது. வேறு வண்டி கிடையாது. பனியில் அவன் வந்த தடமும் கிடையாது. அவன் யார் என்று போலீசுக்கு இன்றுவரை தெரியாது. எந்த ஊரிலும் யாரும் அவனைத் தேடவில்லை.

உடல் இரும்போடு ஒட்டிப்போயிருந்தது. இழுத்தால் கிழியும். கடைசியில் ஜெனரேட்டர் கொண்டுவந்து வண்டியின் ஹீட்டரைச் சொருகினார்கள். ஆறு மணி நேரம் ஆனது.

"முழுசா வரலம்மா," என்றார் கோர்னி. "முன்பக்கம்... கொஞ்சம் வண்டியிலேயே நின்னுடுச்சு. நாங்க கழுவினோம்."

அதன்பிறகு எப்போது ஆறு மணி நேரம் ஹீட்டர் ஓடினாலும் அந்த மிச்சம் கழன்று இறங்கிவிடும். இறங்கினால் பக்கத்தில் எது சூடாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். அதைவிடச் சூடாக ஒன்று கிட்ட வந்தால்தான் மாறும். கோர்னி மூன்று குளிர்காலம் அதை முதுகில் வைத்திருந்தார். எழுபது கிலோ ஆள் நாற்பத்தொன்று ஆனார். கடைசியில் ஒரு நாள் என்ஜினை நன்றாக ஓடவிட்டு, சட்டையைக் கழற்றி, அதன் பக்கத்தில் பனியில் படுத்துக்கொண்டார். என்ஜினைவிடத் தான் குளிர்ந்துபோகும் வரைக்கும்.

"அப்ப விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சு. எனக்கு இப்ப முட்டிக்குக் கீழ ரெண்டு காலும் இல்ல."

அவள் எப்போது போனை வைத்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. நெஸ்டர் கூடத்தில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அவனைப் பனியில் படுக்க வைத்தால் பத்து நிமிடம் தாங்கமாட்டான்.

மாலை ஏழு மணிக்குத் தொட்டியில் தாங்க முடியாத சூட்டில் வெந்நீர் நிரப்பினாள். அதில் நாற்பது நிமிடம் கிடந்தாள். உடம்பு முழுக்க இறால் மாதிரி சிவந்துபோனது. தலை சுற்றியது. நெஸ்டரைப் படுக்கச் சொன்னாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். மைனஸ் முப்பத்தாறு அறைக்குள் வந்தது.

"இன்னிக்கு இங்க படுக்கறியா?" என்று கேட்டான். அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"ம்."

அவள் துடைத்துக்கொள்ளாமலே, ஆவி பறக்கும் உடம்போடு, அவன் முதுகோடு ஒட்டிப் படுத்தாள். மூக்கைப் பொத்தவில்லை. இரண்டு கையாலும் அவனைக் கட்டிக்கொண்டாள்.

அவனைத்தானா என்று தெரியவில்லை. நடுவில் வேறு ஒன்று இருந்தது. பிசுபிசுப்பாக. மெத்தென்று. அவள் கன்னத்தில் இன்னொரு கன்னம் பட்டது. முள்முள்ளாக ஒரு வாரத் தாடி. நெஸ்டர் தினமும் சவரம் செய்கிறவன். வாந்தி தொண்டைவரை வந்தது. விழுங்கினாள். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினாள். கையை விடவில்லை.

ஏழு ஐம்பது.

"பிச்ச்..."

ஏழு ஐம்பத்திரண்டு.

"பிச்ச்... பிச்ச்ச்..."

அது மெல்லத் திரும்பியது.

அவள் கழுத்தில் மூச்சு பட்டது.

இரண்டு கைகள், ஈரமாக, சாவகாசமாக, அவள் முதுகைச் சுற்றி வந்து... கோத்துக்கொண்டன.

நெஸ்டர் நடுங்க ஆரம்பித்தான். ஐந்து வாரத்தில் முதல் தடவையாக அவன் பற்கள் அடித்துக்கொண்டன.

"டாரியா... குளிருது."

அவள் எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். போர்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினாள். பிறகு தன்னுடையதையும் எடுத்து அதன்மேல் போட்டாள். அவளுக்கு இனி அது தேவைப்படவில்லை.